ஒரு சாண் உயரத்தில் மார்கழிப் பூ

மார்கழி பிறந்து எட்டு நாள் ஆகிறது. இன்று விடியுமுன் மட்டுப்பாவுக்கு ஏறிப் பார்த்தபோது, கைப்பிடிச் சுவரை ஒட்டிய பலகையில் இருக்கும் காக்கட்டான் போன்சாயில், அதாவது தட்டில் குட்டையாக வளர்க்கும் ஒரு மல்லிகை வகைச் செடியில், இரண்டு பூக்கள் விரிந்திருந்தன. மொட்டை மாடியை எங்கள் நாகர்கோவில் பக்கம் மட்டுப்பா என்றுதான் சொல்வோம். மண்ணிலிருந்து உச்சித் துளிர் வரை அளந்தால் செடி 21 சென்டிமீட்டர் இருக்கும், ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவு. பூவின் அகலமோ 3 சென்டிமீட்டரை நெருங்குகிறது. கைவிளக்கை அருகில் பிடித்து எண்ணினேன். ஒரு பூவில் எட்டு இதழ்கள், மற்றதில் ஏழு. பூவுக்கு அடியில் உள்ள புல்லி இதழ்கள் தையல் நூலின் தடிமன்தான் இருந்தன, அவற்றின் மேல் வெண்மயிர் அடர்ந்து, ஒவ்வொரு மயிரின் நுனியிலும் பனி கோத்திருந்தது. இலையின் அடிப்புறத்தை விரலால் தடவினால் வெல்வெட் துணியைத் தொட்டது போல இருக்கும். வாசனையைப் பொறுத்தவரை, மூக்கைப் பூவோடு ஒட்டி வைத்தால்தான் ஏதோ இருப்பதாகத் தெரியும்.

வாசனை குறைந்த ஒரு செடிக்கு எட்டு ஆண்டு செலவிட்டிருக்கிறாயே என்று கேட்பவர்கள் உண்டு. மல்லிகை இனத்தில் எங்கள் மாவட்டத்துக்கு நெருக்கமான பூ பிச்சி. தோவாளைப் பூச்சந்தையை ஒரு விடியலில் கடந்து போனவர்களுக்கு அதன் மணத்தை விளக்கத் தேவையில்லை. குண்டுமல்லி கோடையில் குவியும், பிச்சி அதற்குப் பிந்திய மாதங்களில் மிகும்; மார்கழியும் தையும் வரும்போது இரண்டும் அருகிப்போய், சந்தையில் விலை கேட்டவர்கள் கூடையைத் திரும்ப வைத்துவிட்டுப் போகும் நிலை வரும். காக்கட்டான் அந்தக் குளிர்மாதங்களுக்கு உரியது. தாவரவியலார் அதற்கு ஜாஸ்மினம் மல்டிஃப்ளோரம் என்று பெயரிட்டிருக்கிறார்கள், நிறையப் பூப்பது என்று பொருள். வடமொழிப் புலவர்கள் அதைக் குந்தம் என்று அழைத்து, வெண்பற்களுக்கு உவமையாக்கினார்கள். மற்ற மல்லிகைகள் ஓய்ந்திருக்கும் காலத்தில் தானாகப் பூக்கும் செடி என்பதுதான் எனக்கு முதலில் அதன்மேல் பிடிப்பு வரக் காரணம்.

ஆனால் நான் தொடங்கியது காக்கட்டானில் அல்ல. குளிர்காலத்தில் பூக்கும் மல்லிகைப் போன்சாய் என்றால் உலகத்தில் பெரும்பாலோர் குறிப்பிடுவது மஞ்சள் நிறப் பூவை உடைய ஜாஸ்மினம் நூடிஃப்ளோரத்தை. சீனாவைப் பிறப்பிடமாகக் கொண்ட அந்தச் செடி இலையெல்லாம் உதிர்ந்து, பச்சையான நாற்பட்டைத் தண்டுகள் மட்டும் நிற்கும்போது, அந்த வெறும் தண்டில் பூக்கும். நூடிஃப்ளோரம் என்ற பெயரே ஆடையற்ற பூ என்ற பொருளைத் தருவது. சீனர்கள் அதை யிங்சுன், அதாவது வசந்தத்தை வரவேற்பது என்கிறார்கள். ஜப்பானியர்களுக்கு அது ஓபாய், மஞ்சள் பிளம். ராபர்ட் ஃபார்ச்சூன் என்ற செடி சேகரிப்பாளர் 1844-இல் அதைச் சீனாவிலிருந்து பிரிட்டனுக்குக் கொண்டு சென்ற பிறகு, நவம்பர் முதல் மார்ச் வரை வேறு பூ எதுவும் இல்லாத தோட்டங்களில் அது இடம்பிடித்துக்கொண்டது. உறைநிலைக்குக் கீழே 10 டிகிரி இறங்கினாலும் அந்தச் செடி சாவதில்லை. இதையெல்லாம் படித்து, படங்களைப் பார்த்து, ஒரு மலையூர் நர்சரியில் அந்தச் செடி கிடைத்ததும் பேருந்தில் மடியில் வைத்தே நாகர்கோவிலுக்குக் கொண்டுவந்தேன்.

மூன்று ஆண்டு வளர்த்தேன். இலை செழித்தது, தண்டு நீண்டது, மண்ணைத் தொட்ட இடத்திலெல்லாம் வேர்விட்டது, ஒரு மொட்டுகூட வைக்கவில்லை. செடியின்மேல் குற்றம் இல்லை. தன்னுடைய ஊரில் குளிர் வந்து இலையை உதிர்த்து, சில வாரம் உறங்கவைத்த பிறகு பூக்கிற செடி அது. எங்கள் ஊரிலோ மார்கழி இரவிலும் வெப்பம் 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது. உறங்கவிடாமல் ஆண்டு முழுவதும் விழித்திருக்கச் செய்துவிட்டுப் பூவைக் கேட்பது நியாயம் இல்லை என்று புரிந்ததும், குன்னூரில் இருக்கும் என் தங்கையின் வீட்டுக்கு அதைக் கொடுத்து அனுப்பினேன். அங்கே இரண்டாம் குளிர்காலத்தில் ஏழெட்டு மஞ்சள் பூக்கள் வந்ததாக அவள் படம் அனுப்பியபோது உண்மையிலேயே மனம் நிறைந்தது. கடலோரச் சமவெளியில் இருந்துகொண்டு இந்தச் செடியை வாங்க நினைப்பவர்கள் அந்தப் பணத்தை மிச்சம் பிடிக்கலாம்.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் எங்கள் மாவட்டத்தை உலுக்கிப் போனது. வாழையும் ரப்பரும் தென்னையுமாக எத்தனை மரங்கள் சாய்ந்தன என்பதைச் சொல்லத் தொடங்கினால் இந்தப் பதிவு வேறு எங்கோ போய்விடும். அந்த டிசம்பரில் தோவாளைக்கு அப்பால், எனக்குப் பழக்கமான ஒரு பூந்தோட்டக்காரரின் விளைக்கு, அதாவது தோட்டத்துக்கு, போயிருந்தேன். கிணற்றடியில் நின்ற தென்னை விழுந்து, கிணற்றுச் சுவரில் படர்ந்திருந்த காக்கட்டான் புதரை நசுக்கியிருந்தது. தந்தை காலத்துச் செடி என்றார். மேலே இருந்த கொடிகள் எல்லாம் கிழிந்து போய், அடிமூடு மட்டும் பாதி வேரோடு வெளியே தெரிந்தது. மூடு என்பது எங்கள் வழக்கில் செடியின் அடிப்பகுதி. பத்து மூடு தென்னை, நாலு மூடு மல்லி என்று எண்ணுவதும் அதை வைத்துத்தான். அந்த மூடு என் மணிக்கட்டின் பருமனுக்கு இருந்தது, ஒரு பக்கம் முறுக்கிக்கொண்டு, பட்டை வெடித்து, பல ஆண்டு வெயில் குடித்த சாம்பல் நிறத்தில் கிடந்தது. அதைக் கேட்டேன்.

“இதைக் கொண்டுபோயி என்ன செய்யப் போறிய டீச்சர்? அடுப்புல வைக்கலாமுன்னு வெட்டிப் போட்டது” என்றார்.

“தட்டுல வச்சு வளக்கப் போறேன் அண்ணாச்சி.”

அவர் மறுபேச்சு பேசாமல் மண்வெட்டியை எடுத்து, மிச்ச வேரையும் அறுக்காமல் தோண்டி, ஈரச் சாக்கில் பொதிந்து கொடுத்தார். காசு வாங்கவில்லை. இன்றைக்கும் என் செடியில் பூ வந்தால் முதல் படம் அவருக்குத்தான் போகும்.

போன்சாய் என்ற ஜப்பானியச் சொல்லுக்குத் தட்டில் நட்டது என்பதுதான் நேர்ப்பொருள். அதில் 20 சென்டிமீட்டர் அளவில் அடங்கும் சிறு செடிகளை ஷோஹின் என்று தனி வகையாக வைத்திருக்கிறார்கள். அந்த அளவில் ஒரு மல்லிகையை மரம் போலக் காட்ட வேண்டுமென்றால் அடித்தண்டு தடித்திருப்பது கட்டாயம். இல்லாவிட்டால் அது தொட்டியில் வைத்த கொடி, அவ்வளவுதான். தொட்டிக்குள் வைத்தே மல்லிகையின் தண்டைத் தடிக்க வைக்க எத்தனை ஆண்டு ஆகும் என்று நினைத்தாலே மலைப்பாக இருக்கும். கம்பு ஊன்றினாலும் பதியன் போட்டாலும் மல்லிகை எளிதாகப் பிடிக்கும், ஆனால் அப்படித் தொடங்குகிறவர்கள் முதல் ஐந்தாறு ஆண்டு நிலத்திலேயே விட்டு வளர்ப்பது நல்லது. அதைவிட நல்ல வழி, பூந்தோட்டங்களில் மகசூல் குறைந்து பிடுங்கப்படும் பழைய மூடுகளைக் கேட்டு வாங்குவது. அவற்றில் பெரும்பாலானவை விறகாகப் போகின்றன.

கொண்டுவந்த அன்றே அடித்தண்டை 14 சென்டிமீட்டர் உயரத்துக்கு அறுத்தேன். வாளை நேராக ஓட்டாமல், பின்பக்கம் சரியும்படி சாய்த்து அறுத்ததற்குக் காரணம் உண்டு. மல்லிகையின் கட்டை மென்மையானது. வெட்டுவாயில் மழைநீர் தேங்கினால் உள்ளே அழுகி, சில ஆண்டில் குழலாகிவிடும். ஜூனிப்பர் போன்ற மரங்களில் காய்ந்த கட்டையை அழகுக்காக வைத்திருப்பார்கள், மல்லிகையில் அது நிலைக்காது. வெட்டுவாய்க்கு மருந்து தேடி நான் எங்கும் அலையவில்லை. எங்கள் மாவட்டத்து ரப்பர்த் தோட்டங்களிலும் தென்னந்தோப்புகளிலும் பூசும் போர்டோ பசையே போதுமானது. மயில்துத்தம் 10 கிராமைப் பாதி நீரிலும், சுட்ட சுண்ணாம்பு 10 கிராமை மறு பாதி நீரிலும் தனித்தனியே கரைத்து, மொத்தம் 100 மில்லிலிட்டர் வரும்படி கலந்தால் ஒரு சிறு தூரிகைக்குப் போதும். இரும்புப் பாத்திரம் மட்டும் கூடாது, மண்சட்டியோ பிளாஸ்டிக் குவளையோ கொள்ளலாம்.

முதல் ஆண்டு முழுவதும் செடி ஒரு பழைய சிமெண்டுச் சட்டியில் இருந்தது. நாற்பது நாள் வரை எதுவும் நடக்கவில்லை. பிறகு பட்டையின் வெடிப்புகளிலிருந்து ஒரே வாரத்தில் பதினேழு துளிர்கள் வந்தன. பழைய கட்டையிலிருந்தும் தயங்காமல் துளிர்ப்பது மல்லிகையின் பெரிய குணம், அந்த ஒரு குணத்துக்காகவே தொடக்கக்காரர்களுக்கு இதைத் தயங்காமல் சொல்வேன். பதினேழில் ஐந்தை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றைக் கிள்ளினேன். 2019 மாசியில் சுங்கான்கடையில் மண்பாண்டம் செய்பவர் ஒருவரிடம் அளவு சொல்லி வாங்கிய, 22 சென்டிமீட்டர் நீளமும் 5 சென்டிமீட்டர் ஆழமும் உள்ள தட்டுக்கு அதை மாற்றினேன். மெருகு பூசாத சுட்டமண் தட்டு மூச்சுவிடும். இரண்டு பருவமழையும் பெய்கிற ஊரில் அது பெரிய உதவி.

இனி நான் செய்த பெரிய தவற்றுக்கு வருகிறேன். 2018, 2019 இரண்டு மார்கழியிலும் செடி பூக்கவில்லை. நான் செடியைப் பராமரித்ததில் குறை ஒன்றும் காண முடியவில்லை. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை நுனிகளைக் கிள்ளி, குடை போன்ற ஒரு வடிவத்தைக் கலையாமல் காப்பாற்றிக்கொண்டிருந்தேன், பார்த்தவர்கள் எல்லாம் அழகு என்றார்கள். ஒரு நாள் அம்மா வெயிலில் வடகம் காயப்போட வந்தவர், நான் கத்தரியோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, “நுனியெல்லாம் நறுக்கிப்போட்டா பூ எங்க மக்ளே வரும்?” என்று கேட்டார். அம்மா போன்சாயைப் பற்றி ஒரு வரிகூடப் படித்ததில்லை. ஆனால் சிறுவயதில் பிச்சித் தோட்டத்தில் மொட்டுப் பறித்தவர், மொட்டு எந்த இடத்தில் நிற்கும் என்பதைக் கை அறியும்.

நான் படித்தவையெல்லாம் மஞ்சள் மல்லிகையைப் பற்றியவை. அந்தச் செடி சென்ற ஆண்டில் வளர்ந்த தண்டின் கணுக்களில் பூக்கிறது. ஆகவே பூ முடிந்த உடனே வெட்டி, பிறகு கோடை முழுவதும் வளரவிட வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். காக்கட்டான் அந்த ஆண்டிலேயே புறப்பட்ட சிறு பக்கக்கிளைகளின் நுனியில் கொத்தாகப் பூக்கிறது. இரண்டும் குளிர்காலத்தில் பூப்பவை என்றாலும் பூ வருகிற இடம் வேறு. எங்கள் பூந்தோட்டக்காரர்கள் இதை நாளும் தேதியும் குறித்து வைத்திருக்கிறார்கள். குண்டுமல்லியை நவம்பர் கடைசியில் தரையிலிருந்து அரை மீட்டர் விட்டு வெட்டுவார்கள், பிச்சியை டிசம்பர் கடைசியில், முல்லையை ஜனவரி கடைசியில். வெட்டுக்கு முன் சில நாள் நீரை நிறுத்துவதும், வெட்டிய பிறகு எருவிட்டுத் தண்ணீர் பாய்ச்சுவதும் உண்டு. அந்த வெட்டிலிருந்து வரும் புதுக்கிளையில்தான் சில மாதம் கழித்துப் பூ. செடியைக் குட்டையாக வைத்து வதைக்கிறாயே என்று என்னிடம் சொல்கிறவர்களுக்கு நான் சொல்லும் மறுமொழியும் இதுதான்: மல்லிகை வெட்டினால் பூக்கிற செடி, ஆண்டுதோறும் முழங்கால் உயரத்துக்கு வெட்டப்படாத மல்லித் தோட்டம் எங்களூரில் இல்லை. வெட்டுகிற நாள் சரியாக இருக்க வேண்டும், அவ்வளவே.

2020-இல் சோதித்துப் பார்த்தேன். ஆவணி முதல் வாரத்துக்குப் பிறகு செடியின் இடப்பக்கக் கிளைகளைத் தொடவே இல்லை; வலப்பக்கத்தை மட்டும் ஐப்பசி கடைசி வரை வழக்கம்போலக் கிள்ளினேன். இரண்டு மாதத்தில் இடப்பக்கம் சீவாத தலை போல நீட்டிக்கொண்டு நின்றது, பார்க்கச் சகிக்கவில்லை. மார்கழியில் அந்தப் பக்கம் ஒன்பது பூ, வலப்பக்கம் ஒன்றும் இல்லை. அன்றிலிருந்து என் நாட்காட்டி மாறவில்லை. தை முடிந்து பூ ஓய்ந்ததும் மாசியில் ஒவ்வொரு கிளையையும் இரண்டு கணு விட்டு வெட்டுவேன், தட்டு மாற்ற வேண்டுமானாலும் அப்போதுதான். பங்குனி முதல் ஆடி வரை நாலைந்து இலை வந்ததும் இரண்டாகக் குறைத்துக்கொண்டே இருப்பேன், கிளை பிரிந்து நெருக்கம் கூடுவது அந்த மாதங்களில்தான். ஆவணி முதல் வாரத்தில் கடைசியாக ஒரு முறை கிள்ளிவிட்டு, கத்தரியை எடுத்து உள்ளே வைத்துவிடுவேன். ஆவணி வரை கடலைப் புண்ணாக்கு ஊறிய நீரை நன்றாக நீர்த்து வாரம் ஒரு முறை கொடுப்பதும், அதற்குப் பிறகு அதை நிறுத்திவிட்டு எலும்புத்தூளும் சிறிது அடுப்புச் சாம்பலும் இடுவதும் வழக்கம். தழைச்சத்து தொடர்ந்து கிடைத்தால் கொடி ஓடுமே தவிர மொட்டு வைக்காது.

வடிவமும் பூவும் ஒரே நுனியைக் கேட்பதுதான் இந்தக் கலையில் உள்ள சிக்கல், அதிலேயே என் ஈடுபாடும் இருக்கிறது. ஆண்டில் ஆறு மாதம் அந்த நுனி வடிவத்துக்கு, மிச்ச ஆறு மாதம் பூவுக்கு. பூக்காலத்தில் செடி கலைந்துதான் இருக்கும், அதை ஏற்றுக்கொள்ள எனக்கு மூன்று ஆண்டு ஆயிற்று.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தட்டில் வேர் நெருங்கும்போது இலை சிறுத்துவிடும்; என் செடியின் இலை இப்போது கட்டைவிரல் நகத்தின் அளவுதான். பூ அப்படிச் சிறுப்பதில்லை. நிலத்தில் நிற்கும் புதரில் என்ன அளவோ அதே அளவு பூதான் ஒரு சாண் செடியிலும் வரும். ஆகவே குடை போல அடர்ந்த உச்சியை வைத்துக்கொண்டு அதில் இருபது பூ மலர்ந்தால் மரம் மறைந்து, வெள்ளைக் கைக்குட்டையைப் போர்த்தியது போல ஆகிவிடும். கிளைகளைக் குறைத்து, இடைவெளி விட்டு, பூ தனித்தனியே தெரியும்படி வைத்தால் மட்டுமே தண்டின் முதுமையும் பூவின் இளமையும் சேர்ந்து கண்ணுக்குப் படும். முதலில் நான் வைத்த குடை வடிவம் பைன் மரப் படங்களைப் பார்த்துச் செய்தது. மல்லிகை எந்தக் காலத்திலும் அப்படி நிற்காது.

எப்படி நிற்கும் என்பதற்கு விடை அந்தக் கிணற்றடியிலேயே இருந்தது. பிடுங்கப்படுவதற்கு முன்னால் அந்தப் புதரை நான் பல முறை பார்த்திருக்கிறேன். கிணற்றின் கைப்பிடிச் சுவரில் தண்டைச் சாய்த்து, அங்கிருந்து கொடிகளைக் கிணற்றுக்குள் இறக்கிவிட்டிருக்கும். நீர் இறைக்கும்போது எட்டிப் பார்த்தால் இருட்டுக்குமேல் வெள்ளைப் பூக்கள் தொங்கும். அதை நினைத்துக்கொண்டு அடித்தண்டைத் தட்டில் 40 டிகிரி அளவுக்குச் சாய்த்து நட்டு, முதல் கிளையைத் தட்டின் விளிம்புக்குக் கீழே இறக்கினேன். போன்சாய்க்காரர்கள் இதை அரைவீழ்ச்சி வடிவம் என்பார்கள். உச்சியை மட்டும் மெல்ல எதிர்ப்பக்கம் திருப்பி வைத்தேன், கிணற்றடிப் புதரும் ஒளியைத் தேடி அப்படித்தான் ஒரு கொப்பை மேலே அனுப்பியிருந்தது.

கிளையை இறக்குவதற்கு அலுமினியக் கம்பி சுற்றுவது பொதுவான முறை. மல்லிகையில் அதற்குக் காலம் மிகக் குறுகியது. பச்சையாக இருக்கும் இரண்டு மூன்று மாதத்தில் கிளை சொன்னபடி வளையும், முற்றிவிட்டால் கணுவில் ஒடிந்துவிடும். மழைக்காலத்தில் கிளை பருக்கிற வேகத்தில் ஆறு வாரத்துக்குள் கம்பி பட்டையைக் கடித்துத் திருகு போன்ற தழும்பைப் போட்டுவிடுகிறது. என் செடியின் இரண்டாம் கிளையில் அந்தத் தழும்பு இன்னும் மறையவில்லை. மாணிக்கமாலை என்ற பூமாலைக்காக 2025-இல் புவிசார் குறியீடு பெற்ற தோவாளையில், பூக்கட்டும் பெண்கள் வாழைநாரை நனைத்துக் கிழித்துக் கோக்கும் வேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு காலையில்தான் எனக்கு மாற்றுவழி தோன்றியது. வாழைநாரை அரை மணி நேரம் நீரில் ஊறவைத்து, சுண்டுவிரல் நகத்தின் அகலத்துக்குக் கிழித்துக்கொள்கிறேன். கிளையின் நடுப்பகுதியில் அதைத் தளர்வாக ஒரு சுற்றுச் சுற்றி, இரு முனையையும் தட்டின் அடியில் உள்ள துளை வழியே வாங்கி, கிளை எவ்வளவு இறங்க வேண்டுமோ அதில் பாதி அளவுக்கு இழுத்துக் கட்டுகிறேன். நார் உலரும்போது சற்றுச் சுருங்கித் தானே இன்னும் கொஞ்சம் இழுக்கும். பத்து நாள் கழித்து மிச்சத்தை இழுக்கலாம். அகலமான நார் என்பதால் பட்டையில் பதிவதில்லை, மழை நனைந்து ஒன்றிரண்டு மாதத்தில் மக்கி அறும்போது கிளை அந்த வளைவிலேயே நின்றுவிடுகிறது. கூர்மையான திருப்பங்களுக்கு மட்டும் இப்போதும் கம்பிதான்.

2021 நவம்பர் மழையை எங்கள் மாவட்டத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஊரே வெள்ளக்காடாக இருந்த அந்த நாட்களில் மட்டுப்பாவில் இருந்த செடியை நான் போய்ப் பார்க்கவில்லை. ஒரு வாரம் கழித்துப் பார்த்தபோது இலைகள் மஞ்சளாகி, தொட்டால் உதிர்ந்தன. தட்டிலிருந்து எடுத்ததும் புளித்த வாடை வந்தது, அடிவேர்கள் பழுப்பாகி நாராக உரிந்தன. தவறு மண்கலவையில் இருந்தது. வெயில் நாட்டுக்கு ஈரம் நிற்க வேண்டும் என்று எண்ணித் தென்னை நார்க்கழிவைப் பாதிக்குமேல் சேர்த்திருந்தேன். வெயிலும் மழையும் மாறி மாறி வருகிற எங்கள் ஊருக்கு அது பொருந்தாது, ஆனி ஆடிக் காற்றில் சொட்டு ஈரம் இல்லாமல் காய்கிற அதே தட்டு ஐப்பசியில் குளமாகிவிடும். இப்போது நான் பயன்படுத்துவது, பழைய ஓட்டுவீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும் உடைந்த ஓடுகளை இடித்துச் சலித்த சில்லு பாதி, சலித்த சரல், அதாவது சரளைக்கல், கால் பங்கு, மக்கிய சாணமும் இலைமட்கும் சேர்ந்து கால். ஓட்டுச் சில்லு 3 முதல் 5 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். தூளை விட்டுவைத்தால் அது அடியில் போய்ச் சேறாகும். அழுகிய வேர்களை நல்ல வெள்ளைத் திசு தெரியும்வரை வெட்டி, இந்தக் கலவையில் நட்டு, மழை படாத வராந்தாவில் இரண்டு மாதம் வைத்தேன். பிழைத்தது. ஆனால் அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் பூ இல்லை, பூவைக் கேட்கவும் எனக்கு மனம் வரவில்லை. வலப்பக்கத்து ஒரு வேர்த்தொகுதி முழுவதும் போனதால் அதற்கு நேர்மேலே இருந்த கிளை மெல்லக் காய்ந்தது, இப்போது அந்த இடம் வெறுமையாக இருக்கிறது.

நீரைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. மண்ணின் மேற்பரப்பு வெளுக்கும்போது ஊற்றுகிறேன். கோடையில் இரு வேளையும், ஐப்பசி கார்த்திகையில் சில நாள் ஊற்றாமலும் இருக்கும். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்றுதான் முப்பந்தல் காற்றாலைகளைச் சுழற்றுகிறது, அதன் மிச்சம் நாகர்கோவில் மட்டுப்பாவிலும் தெரியும் என்பதால் ஆனி ஆடியில் தட்டைச் சுவருக்குக் கீழே இறக்கி வைத்துவிடுவேன். பூச்சிகளில் மொட்டுப்புழு மட்டுமே தொல்லை. மொட்டின் கழுத்தில் ஊசி குத்தியது போல ஒரு துளை தெரிந்தால் அந்த மொட்டைக் கிள்ளி நசுக்கிவிட வேண்டும்; செடி சிறிதாக இருப்பதால் நாள்தோறும் ஒவ்வொரு மொட்டாகப் பார்க்க முடிகிறது, மருந்து அடிக்கும் தேவை இதுவரை வரவில்லை. முன்னெச்சரிக்கையாக ஐப்பசியில் ஒரு முறை வேப்பெண்ணெயைச் சோப்பு நீரில் கலந்து தெளிப்பேன்.

இன்று காலை மொட்டுகளை எண்ணினேன், விரிந்த இரண்டையும் சேர்த்து 23. அவற்றில் பதினாறு, தட்டுக்குக் கீழே இறங்கிய முதல் கிளையில். அந்தக் கிளையின் நுனி பாரத்தால் இன்னும் இரண்டு சென்டிமீட்டர் தாழ்ந்திருக்கிறது. மாசியில் வெட்டும்போது அது மறுபடி எழும்பிவிடுமா என்று பார்க்க வேண்டும். வெறுமையாகக் கிடக்கும் வலப்பக்கத்தில், காய்ந்த கிளைக்கு அரை விரல் கீழே, சென்ற புரட்டாசியில் ஒரு துளிர் வந்தது. ஆறு இலை விட்டிருக்கிறது. பூ வைக்கவில்லை, நானும் அதைத் தொடவில்லை. வரும் ஆடி வரை அதை அப்படியே ஓடவிட்டு, பென்சில் பருமனுக்கு வந்த பிறகுதான் வளைக்கப் போகிறேன். அதற்கு முன்பே முற்றத் தொடங்கினால் நாரைக் கொஞ்சம் முன்கூட்டியே நனைக்க வேண்டியிருக்கும்.

அம்மா இரண்டு பூவையும் விளக்கு மாடத்தில் வைக்கக் கேட்டார். ஒன்றைப் பறித்துக் கொடுத்தேன். மற்றது செடியிலேயே இருக்கிறது, மாலையில் தோட்டக்காரர் அண்ணாச்சி பார்க்க வருவதாகச் சொல்லியிருக்கிறார்.